கைமாறிய நிலமும் கேட்கப்படாத குடியும்: பாராமகால் உடன்படிக்கைகள் பற்றிய ஓர் ஆய்வு

நன்னூல் பயிலும் மாணவர் அனைவரும் உடம்படுமெய்யை அறிவர். இரண்டு உயிர்கள் அடுத்தடுத்து நிற்குமிடத்து யகரமோ வகரமோ இடையில் வந்து அவற்றை இணைத்து வைக்கும். ‘மணி’ என்பதும் ‘அழகு’ என்பதும் சேர்ந்து ‘மணியழகு’ ஆகுங்கால் இரு சொற்களுள் எதுவும் தன் உருவை இழப்பதில்லை. அந்த உடம்படுதலே ‘உடன்படிக்கை’ என்னும் சொல்லிலும் நிற்கிறது. ஆயின் வரலாற்றில் வல்லரசுகள் செய்துகொண்ட உடன்படிக்கைகளை இலக்கணக் கண்கொண்டு நோக்கின், அவற்றுட் பெரும்பாலானவை கெடுதல் விகாரத்தின் பாற்பட்டனவாகவே தோன்றுகின்றன. இரண்டு சேரும், ஒன்று தேயும்.

காலனி ஆதிக்க அரசுகள் மண்ணின் மக்களோடும் அவர்தம் ஆட்சியாளரோடும் செய்துகொண்ட உடன்படிக்கைகள் இன்று உலகின் பல பகுதிகளில் மீண்டும் படிக்கப்படுகின்றன. நீதிமன்றங்களில் எடுத்துக்காட்டவும் படுகின்றன. அமெரிக்கப் பழங்குடியினர், நியூசிலாந்தின் மாவோரி மக்கள் ஆகியோரைப் பற்றியே பேசும்போது அது நமக்குத் தொலைவான செய்தி எனத் தோன்றும். நாம் நிற்கும் கிருஷ்ணகிரி மாவட்டமே அத்தகைய உடன்படிக்கைகளால் வெட்டியும் ஒட்டியும் அமைந்த நிலப்பகுதி என்பதை நம் மாணவருள் பலர் அறியார். ஜூஜூவாடிக்கும் அத்திப்பள்ளிக்கும் இடையே நாள்தோறும் பணிக்குச் சென்று திரும்பும் தொழிலாளர் கடக்கும் எல்லைக்கோடும் அவ்வரலாற்றிலிருந்து வந்ததே. ஆகவே அவ்வுடன்படிக்கைகளுள் சிலவற்றை, அவற்றின் சொற்களை ஒட்டி, ஈண்டு ஆராய்வோம்.

தமதல்லாததைத் தந்தவர்

1766 நவம்பரில் ஐதராபாத் நிஜாமும் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியும் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டனர். அடுத்த ஆண்டே நிஜாம் ஹைதர் அலியோடு சேர்ந்து கம்பெனியை எதிர்த்துப் போரிட்டார். தோல்வி நெருங்கியதும் மீண்டும் கம்பெனியின் பக்கம் திரும்பினார். 1768 பிப்ரவரி 23இல் மசூலிப்பட்டினத்தில் எழுதப்பட்ட புதிய உடன்படிக்கையில் ஹைதர் அலியை நிஜாம் ‘ஆட்சியைப் பறித்துக்கொண்டவர்’ என அறிவித்து, மைசூர் நாட்டின் திவானி உரிமையை, அதாவது வரிதண்டும் உரிமையை, ஆண்டுக்கு 7 இலட்சம் ரூபாய்க்குக் கம்பெனிக்கு அளித்தார். மைசூரில் ஒரு சிற்றூர்கூட அப்போது நிஜாமின் கையில் இல்லை. ஊரில் உள்ளோர் ‘ஆற்றில் போகும் நீரை அய்யன் குடி, அம்மா குடி’ என்பார்களே, அது போன்ற கொடை.

வியப்பு என்னவெனில், அதே 1768ஆம் ஆண்டு நவம்பர் 5இல், கடல்களுக்கு அப்பால், வட அமெரிக்காவின் ஸ்டான்விக்ஸ் கோட்டையில் ஆங்கிலேயர் இரோக்குவாய் கூட்டமைப்பினரோடு ஓர் உடன்படிக்கை செய்தனர். அதன்படி ஒகையோ ஆற்றின் தெற்கே உள்ள பெருநிலம் ஆங்கிலேயர்க்கு விடப்பட்டது. அந்நிலத்தில் வேட்டையாடி வாழ்ந்தவர் ஷாவ்னி, செரோக்கி முதலிய வேறு குடியினர். அவர்களை எவரும் கேட்கவில்லை. இரு நிகழ்ச்சிகளுக்கும் நேர்த் தொடர்பு இல்லை. எனினும் கொடுக்கும் உரிமை உடையவர் யார் என்று ஆராயாது, கொடுப்பதற்கு இசைபவர் யார் என்று தேடும் முறை இரண்டிலும் ஒன்றே.

1769 ஏப்ரலில் ஹைதர் அலி சென்னையின் வாயில்வரை வந்து நின்றபோது நிலைமை தலைகீழாயிற்று. சென்னை உடன்படிக்கை அவர் விருப்பப்படியே எழுதப்பட்டது. போரில் பிடித்த இடங்களை இரு தரப்பும் திருப்பித் தருவது எனவும், ஒருவர் தாக்கப்படின் மற்றவர் துணைநிற்பது எனவும் அதில் கண்டது. ஆனால் மராட்டியர் மைசூர்மீது படையெடுத்தபோது கம்பெனி துணைக்கு வரவில்லை. இந்த வாக்குத்தவறலை ஹைதர் இறுதிவரை மறக்கவில்லை. இரண்டாம் மைசூர்ப் போரின் முடிவில் 1784 மார்ச் 11இல் மங்களூரில் திப்பு சுல்தானோடு ஏற்பட்ட உடன்படிக்கையும் பிடித்ததைத் திருப்பித்தரும் வகையினதே. இவ்விரண்டாலும் பாராமகாலின் நிலை மாறவில்லை. மாற்றியது 1792.

பிடிபடாத கோட்டை கைக்கு வந்த விதம்

மூன்றாம் மைசூர்ப் போரில், 1791 ஜூலையில் ஓசூர்க் கோட்டையும் இராயக்கோட்டையும் கம்பெனிப் படையின் வசமாயின. கிருஷ்ணகிரி அவ்வாறு எளிதில் அடங்கவில்லை. 1791 நவம்பர் 7ஆம் நாள் இரவு மாக்ஸ்வெல் என்னும் படைத்தலைவர் தாக்கினார். கீழ்க்கோட்டையும் பேட்டையும் வீழ்ந்தன. மேல்கோட்டைக்குள் நுழைய முடியாமல் ஆங்கிலப் படை திரும்பியது. மக்கள் சையத் பாஷா மலை என வழங்கும் அப்பாறையை அண்ணாந்து நோக்குவோர்க்கு இதில் வியப்பிருக்காது. அப்போது பிடிபடாத அக்கோட்டை நான்கே மாதங்களில், ஒரு குண்டும் வெடிக்காமல், கம்பெனிக்குச் சேர்ந்தது. 1792 மார்ச் 18இல் சீரங்கப்பட்டணத்தில் முடிவான உடன்படிக்கையே காரணம்.

அவ்வுடன்படிக்கையின் முதன்மையான விதிகள் வருமாறு: மைசூர் நாட்டில் பாதி கம்பெனிக்கும் நிஜாமுக்கும் மராட்டியப் பேஷ்வாவுக்கும் பிரித்தளிக்கப்பட வேண்டும். மூன்று கோடியே முப்பது இலட்சம் ரூபாய் தண்டமாகச் செலுத்தப்பட வேண்டும். அதில் பாதி உடனடியாகவும், மீதி நான்கு மாதங்களுக்கு மேற்படாத இடைவெளியில் மூன்று தவணைகளாகவும் தரப்பட வேண்டும். ஹைதர் காலம் முதல் சிறைப்பட்டோர் விடுவிக்கப்பட வேண்டும். இவை நிறைவேறும்வரை சுல்தானின் மைந்தர் இருவர் பிணையாக இருக்க வேண்டும். அப்துல் காலிக், முயிசுத்தீன் என்னும் அவ்விரு சிறுவரும் பிப்ரவரி 26இல் கார்ன்வாலிசின் பாசறைக்கு வந்தனர். 1794இல்தான் தந்தையிடம் திரும்பினர். ராபர்ட் ஹோம் முதலிய ஆங்கில ஓவியர் அக்காட்சியைப் பெரிய ஓவியங்களாகத் தீட்டினர். ஓவியத்தில் கார்ன்வாலிஸ் அன்புத் தந்தை போன்று காட்சி தருகிறார். பத்தாண்டுகளுக்கு முன் யார்க்டவுனில் அமெரிக்கரிடம் சரணடைந்தவர் அவரே என்பது நினைவிற்கொள்ளத்தக்கது.

உடன்படிக்கையோடு இணைந்த அட்டவணையே நம் ஆய்வுக்கு உரியது. கம்பெனிக்கு விடப்பட்ட பகுதிகளுள் பாராமகால் ஒன்பது தாலுகாக்களாகக் காட்டப்பெறுகிறது. ஒவ்வொன்றின் எதிரிலும் கண்டீரவ வராகனில் ஒரு தொகை: பாராமகால் 64,000, காவேரிப்பட்டணம் 10,000, வீரபத்திரதுர்க்கம் 8,000, இராயக்கோட்டை 8,000, கங்குந்தி 6,000, தருமபுரி 8,000, பெண்ணாகரம் 10,000, தெங்கரைக்கோட்டை 12,000, காவேரிபுரம் 8,000. ஆக மொத்தம் 1,34,000 வராகன். ‘பாரா’ என்பது பன்னிரண்டைக் குறிப்பது. பன்னிரண்டு கோட்டைகளால் வந்த பெயர் என்பர். அட்டவணையிலோ ஒன்பதே தாலுகாக்கள். அவற்றுள் கிருஷ்ணகிரிக்கெனத் தனி வரியும் இல்லை.

இந்த அட்டவணையை மாணவர்கள் ஒருமுறை உரக்கப் படித்துப் பார்க்க வேண்டும். ஊரின் பெயர் உண்டு, தொகை உண்டு. ஏரி எத்தனை, கிணறு எத்தனை, எவ்வினத்தார் எம்மொழி பேசி வாழ்ந்தனர் என்பது இல்லை. நாடு அங்கே நிலமாகக்கூடக் கருதப்படவில்லை, வருவாயாகவே கருதப்பட்டது. பாதி நாடு என்றால் பாதிப் பரப்பு அன்று, பாதி வருவாய்.

மனிதர் அடியோடு இல்லை எனக் கூறுதல் முறையன்று. ஏழாம் விதியில் ஜமீன்தார்களும் அமில்தார்களும் வருகின்றனர்: ஒரு தரப்புக்கு வரிப்பாக்கி வைத்துவிட்டு மறு தரப்பின் நாட்டுக்குள் ஓடிவந்தால் அவர்க்கு அடைக்கலம் தராது திருப்பி அனுப்ப வேண்டும். எட்டாம் விதியில் பாளையக்காரர் வருகின்றனர்: போரில் நேச நாடுகளுக்கு உதவியவரைச் சுல்தான் துன்புறுத்தலாகாது. பாக்கி வைத்தவரும் படை தந்தவருமே உடன்படிக்கையின் கண்ணுக்குத் தெரிந்த குடிகள். ஏர் பிடித்தவர் தெரியவில்லை. தண்டத்தொகையைத் திரட்டப் படையினரிடமும் குடிகளிடமும் பெரும்பணம் தண்டப்பட்டதை மைசூர் வரலாறு எழுதிய வில்க்ஸ் குறிப்பிடுகிறார். வில்க்ஸ் திப்புவுக்குப் பகைவரின் பக்கத்தவர் என்பதை மனத்திற்கொண்டே அவர் எழுத்தைப் படிக்க வேண்டும். எனினும் மூன்று கோடியே முப்பது இலட்சம் என்பது யாரேனும் சிலர் தலையில் விழுந்தே ஆகவேண்டிய தொகை.

கிஸ்தியும் ரயத்தும்

உடன்படிக்கை ஆங்கிலத்திலும் பாரசீகத்திலும் எழுதப்பட்டது. கைமாறிய ஒன்பது தாலுகாக்களின் மக்கள் பேசியவை தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது. தம் ஊரைக் கைமாற்றிய ஏட்டை அவர்களுள் எழுதப்படிக்கத் தெரிந்தோரும் பெரும்பாலும் படித்திருக்க இயலாது. ஆனால் அதனைச் சார்ந்த ஆட்சிமுறையின் சொற்கள் அவர்தம் வீட்டுக்குள் நுழைந்து தமிழாகவே ஆகிவிட்டன. தவணையாகச் செலுத்துவது ‘கிஸ்தி’. அது பகுதி, தவணை என்னும் பொருளுடைய அரபுச் சொல்லின் வழிவந்தது. சுல்தான் கம்பெனிக்குச் செலுத்திய தவணையும் கிஸ்தி. உழவன் மணியக்காரரிடம் செலுத்திய தவணையும் கிஸ்தி. ‘ரயத்து’ என்பது மேய்ப்பனின் காவலில் உள்ள மந்தையைச் சுட்டிப் பின்னர்க் குடிமக்களைச் சுட்டிய அரபுச் சொல். தாலுகா, ஜில்லா, வசூல், ஜாமீன், தாசில்தார், ஜமாபந்தி ஆகிய யாவும் இவ்வாறு வந்தவையே. தாலுகா அலுவலகங்களில் ஆண்டுதோறும் நடக்கும் ஜமாபந்திக்கு மனுவோடு செல்லும் முதியவர் ஒருவருக்கு அச்சொல் அயற்சொல் எனக் கூறினால் நம்பமாட்டார். பிறமொழிச் சொற்களைக் களையெடுப்பதே தமிழ்ப்பணி எனக் கருதுவோரிடம் நமக்குக் கருத்து வேற்றுமை உண்டு. இச்சொற்கள் ஒவ்வொன்றும் நம் மண் கைமாறியதற்கான சான்றுச் சீட்டு. அவற்றை எறிந்துவிட்டால் சான்றும் போய்விடும்.

புதிதாய்ப் பெற்ற நிலத்தை ஆளக் கார்ன்வாலிஸ் தேர்ந்தெடுத்தவர் படையதிகாரியாகிய கேப்டன் அலெக்சாண்டர் ரீடு. சென்னைக் கம்பெனியின் குடிமை அலுவலருள் பெரும்பாலார்க்கு நாட்டு மொழிகள் தெரியாமையே அவர்களை விலக்கியதற்கு ஒரு முக்கியக் காரணம். அவர்க்குத் துணையாகத் தாமஸ் மன்றோ, மாக்லியோட், கிரஹாம் ஆகியோர் வந்தனர். 1792 முதல் 1799 வரை ஏழாண்டுகள் மன்றோ இங்கே பணியாற்றினார். வயல்வாரியாக நிலம் அளந்து, இடைத்தரகர் இன்றி உழவரிடமே நேராகத் தீர்வை பெறும் ரயத்துவாரி முறை இம்மண்ணில்தான் ஒழுங்குபெற்று, பின்னர்ச் சென்னை மாகாணத்தின் பெரும்பகுதிக்கும் பரவியது. உடன்படிக்கை காணாத ரயத்தை ரீடின் கணக்கேடு கண்டது என்று கூறலாம். ஆனால் கண்டது தீர்வை செலுத்துபவனாகவே. அக்காலக் கடிதங்களும் அறிக்கைகளும் ‘பாராமகால் ஆவணங்கள்’ என்னும் பெயரில் 1907 முதல் சென்னையில் தொகுதிகளாக அச்சாயின. அக்கால ஊர், தொழில், சாதி, பயிர் பற்றிய செய்திகள் அவற்றில் நிறைந்துள்ளன. நம் முதுகலை மாணவர் திட்டக்கட்டுரைக்குத் தலைப்புத் தேடி அலைய வேண்டியதில்லை. அவற்றில் ஒரு பகுதியையேனும் தமிழாக்கலாம். ஆங்கிலேயர் காதில் விழுந்தவாறு எழுதிய ஊர்ப்பெயர்களைத் திருத்தி அறிவதே நல்லதோர் ஆய்வாகும்.

மாவட்டத்தின் நடுவே ஓடிய எல்லை

1792 உடன்படிக்கையின் விளைவுகளுள் பலரும் கவனியாத ஒன்று உண்டு. கிருஷ்ணகிரி கம்பெனிக்குச் சென்றது. போரில் வீழ்ந்த ஓசூர் சுல்தானுக்கே திரும்பியது. கணவாய்க்குக் கீழே பாராமகால், மேலே பாலாகாட். ஏறத்தாழ ஐம்பது கிலோமீட்டர் இடைவெளியில் உள்ள இவ்விரு ஊர்களும் ஏழாண்டுகள் இரு வேறு அரசுகளின் கீழ் இருந்தன. இடையே இராயக்கோட்டை கம்பெனியின் எல்லைக்காவல் கோட்டையாக நின்றது. இன்றைய மாவட்டத்தின் நடுவிலேயே அன்று நாட்டெல்லை ஓடியது.

1799 மார்ச்சில் ஜெனரல் ஹாரிசின் படை மைசூருக்குள் நுழைந்ததும் இவ்விராயக்கோட்டை வழியாகவே. நீலதுர்க்கம், அஞ்செட்டிதுர்க்கம் முதலிய மலைக்கோட்டைகள் முதலில் வீழ்ந்தன. மே 4இல் சீரங்கப்பட்டணம் வீழ்ந்து திப்பு சுல்தான் களத்தில் உயிர்நீத்தார். ஜூன் 22இல் கம்பெனியும் நிஜாமும் பேஷ்வாவும் பெயரால் பங்காளிகளாக அமைந்த பங்கீட்டு உடன்படிக்கை எழுதப்பட்டது. ஓசூர் உள்ளிட்ட பாலாகாட் பகுதி கம்பெனிக்கு வந்தது. எஞ்சிய மைசூர் பழைய உடையார் மரபுக்கு அளிக்கப்பட்டு, ஜூலை 8இல் துணைப்படை உடன்படிக்கை முடிவாயிற்று. அதன்படி மைசூர் ஆண்டுதோறும் 7 இலட்சம் வராகன் செலுத்த வேண்டும். இவ்வளவுக்கும் ஒரு தரப்பாக நின்றவர் மூன்றாம் கிருஷ்ணராச உடையார். அவர் பிறந்தது 1794 ஜூலை 14. உடன்படிக்கை நாளில் ஐந்து வயது நிறைய ஆறு நாள் இருந்தது. அவர் சார்பில் அரசியாரும் பூர்ணையாவும் ஒப்பமிட்டனர். உடன்பட்டவர் எழுத்துக் கற்கத் தொடங்கிய குழந்தை.

மொழியால் தெலுங்கும் கன்னடமும் மிக்கிருந்த ஓசூர், சேலம் ஜில்லாவோடு சேர்ந்தது. சேலத்திலிருந்து 1965இல் தருமபுரி மாவட்டமும், தருமபுரியிலிருந்து 2004இல் கிருஷ்ணகிரி மாவட்டமும் பிரிந்தபோதும் அது தமிழகத்திலேயே நின்றது. பெங்களூருக்கு அருகிலும் தமிழக எல்லைக்குள்ளும் இருந்தமையே 1970களில் சிப்காட் தொழிற்பேட்டை ஓசூரில் அமைந்ததற்கு ஒரு காரணம். பேட்டையில் வேலை பெற்ற நம் மாணவர்கள், அதன் தொலைமூலம் 1799ஆம் ஆண்டின் ஓர் அட்டவணை எனக் கேட்டால் சிரிப்பர். ஆயினும் அது மெய்.

ஒப்பமிடாதவர்

இதுவரை கண்டவை அரசுகளுக்கிடையே எழுந்தவை. தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டிக் காடுகளில் வாழும் இருளர் முதலிய மலைமக்களோடு எவரும் உடன்படிக்கை செய்யவில்லை. நாடு கைமாறியபோது அவர்தம் காடும் உடன் கைமாறியது. 1882இல் சென்னை மாகாண வனச்சட்டம் வந்தபின், தலைமுறைகளாகத் தேனும் கிழங்கும் எடுத்த காட்டில் அவர்கள் இசைவு கேட்டு நுழையும் நிலை உண்டாயிற்று.

நியூசிலாந்தில் 1840 பிப்ரவரி 6இல் வைத்தாங்கி என்னுமிடத்தில் தொடங்கி, மாவோரித் தலைவர் ஐந்நூற்றுக்கு மேற்பட்டோர் பிரித்தானிய அரசோடு ஓர் உடன்படிக்கையில் ஒப்பமிட்டனர். பெரும்பாலோர் ஒப்பமிட்டது மாவோரி மொழிப் பாடத்தில். ஆங்கிலப் பாடத்தில் இறைமை முழுவதும் விடப்படுகிறது. மாவோரிப் பாடத்தில் ‘கவர்னரின் ஆட்சி’ என்னும் பொருள்படும் ‘காவனதங்கா’ என்ற சொல்லே உண்டு. ஒரு சொல்லின் மொழிபெயர்ப்பு ஒரு நாட்டின் வழக்காயிற்று. அவ்வழக்குகளை ஆராய 1975இல் தனித் தீர்ப்பாயமே அமைந்தது. ஏமாற்றம் கலந்த ஏடாயினும் மாவோரிக்குக் கையில் ஓர் ஏடு இருந்தது. நம் இருளர்க்கு அதுவும் இல்லை. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டமே, தலைமுறை உரிமையை எழுத்தில் கேட்கும் வழியை அவர்க்குத் திறந்தது. 2014இல் இக்காடுகளின் பெரும்பகுதி காவிரி வடக்கு வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டபின், அவ்வுரிமைகளை எழுத்தில் நிலைநாட்டுவது அவர்க்கு முன்னினும் இன்றியமையாததாகிறது.

பெண்ணையாற்றின் ஒப்பந்தம்

கம்பெனி 1831இல் மைசூர் ஆட்சியைத் தானே எடுத்துக்கொண்டது. 1881இல்தான் அது உடையார் மரபுக்குத் திரும்பியது. அதன்பின் மைசூர் அரசு ஏரிகளையும் அணைகளையும் பெருக்க முனைந்தது; கீழ்நிலத்தில் இருந்த சென்னை மாகாணம் அஞ்சியது. 1892 பிப்ரவரி 18இல் இரு அரசுகளும் ஓர் ஒப்பந்தம் செய்தன. பட்டியலில் கண்ட ஆறுகளின் குறுக்கே சென்னை அரசின் முன்னிசைவு இன்றி மைசூர் புதிய நீர்ப்பாசன அணை கட்டலாகாது என்பது அதன் சாரம். அவ்வாறுகளுள் பெண்ணையாறும் ஒன்று. காவிரி பற்றி 1924இல் மற்றோர் ஒப்பந்தம் வந்தது.

இவ்வொப்பந்தங்கள் ஆதிக்க அரசின் நிழலில் மைசூர்மீது சுமத்தப்பட்டவை, ஆகவே செல்லா என்று கர்நாடகம் வாதிட்டது. 2018 பிப்ரவரி 16இல் காவிரி வழக்கில் உச்ச நீதிமன்றம் அதனை ஏற்கவில்லை. அவை செல்லும் எனவும், 1924ஆம் ஆண்டினது ஐம்பதாண்டு கழிந்து 1974இல் முடிந்தது எனவும் கூறியது. இங்கு நாம் நடுநிலையோடு நோக்க வேண்டும். 1792ஐ வலியோர் எழுதியது என்று கண்டிக்கும் நாம், 1892 நமக்குச் சாதகமாதலின் அதனை மட்டும் தூயதெனக் கொள்வது பொருந்தாது. கர்நாடக உழவர் அதனைத் தம் தலைக்கு மேல் எழுதப்பட்டது என்று கருதுவதில் நியாயம் இல்லாமல் இல்லை. அதே வேளை, நூறாண்டுக்கு மேலாக அதனை நம்பி வாழ்ந்த கீழ்க்கரை உழவரின் உரிமையும் வெறும் ஏட்டுரிமை அன்று.

கோலார் மாவட்டத்து எரகோலில், பெண்ணையாற்றின் துணையாறாகிய மார்க்கண்டேய நதியின் குறுக்கே குடிநீருக்காகக் கர்நாடகம் அணை எழுப்பியதை எதிர்த்துத் தமிழகம் வழக்குத் தொடுத்தது. 2019 நவம்பர் 14இல் உச்ச நீதிமன்றம் தடைவிதிக்க மறுத்து, மாநிலங்களுக்கிடையேயான நீர்த்தகராறுச் சட்டத்தின்படி தீர்ப்பாயம் அமைக்க மத்திய அரசை நாடுமாறு கூறியது. வேப்பனப்பள்ளி வழியே வந்து பெண்ணையில் கலக்கும் அந்நதியின் நீரும் சேர்ந்தே கிருஷ்ணகிரி அணையை அடைகிறது. 1957இல் திறக்கப்பட்ட அவ்வணையின் ஆயக்கட்டு உழவர்க்கு இது ஏட்டுச் செய்தி அன்று.

இனி, 1892 ஒப்பந்தம் நீரின் அளவைப் பற்றியே பேசுகிறது. நந்திமலைப் பகுதியில் தோன்றும் பெண்ணையாறு பெங்களூரின் கிழக்குப் புறமாக வந்து ஓசூரை அடைவதற்குள், பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளின் வழியே மாநகரின் கழிவுநீரையும் ஏற்றுக்கொள்கிறது. கெலவரப்பள்ளி அணையின் மதகுகளில் நீர் வெண்ணுரையாய்ப் பொங்கிப் பாலங்களை மூடும் காட்சியைச் செய்தித்தாள்கள் பலமுறை வெளியிட்டுள்ளன. ஓசூரின் ஆலைகளும் குடியிருப்புகளும் அந்நீரில் தம் பங்கையும் சேர்க்கின்றன என்பதை மறைத்தல் ஆகாது. மேலிருந்து நீர் வாராமல் போகலாகாது என்று அஞ்சியவர் எழுதிய ஏட்டில், வரும் நீர் எத்தன்மையதாக இருக்க வேண்டும் என்பதற்கு ஒரு விதியும் இல்லை. பெண்ணையாற்றுக்குப் புதிய ஒப்பந்தம் எழுதப்படுமாயின், அளவுக்கு ஒரு விதியும் தன்மைக்கு ஒரு விதியும் வேண்டும். அதன் வரைவு தமிழிலும் கன்னடத்திலும் தெலுங்கிலும் அச்சாகி, பாகலூர் முதல் காவேரிப்பட்டணம் வரை ஆற்றங்கரை ஊர்களின் கிராம சபைகளில் படிக்கப்பட்ட பின்னரே ஒப்பமிடப்பட வேண்டும் என்பது எம் கருத்து.